ஜிஐ பில் காசுல பைலட் ஆகறது: ஃப்ளைட் ஸ்கூலா, கவர்ன்மென்ட் காலேஜா, ப்ரைவேட் யுனிவர்சிட்டியா?

கில்லீன்ல இருந்து போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணாரு. கோயம்புத்தூர் பக்கம் ஊரு, இங்க டெக்சாஸ்ல எம்எஸ் முடிச்சிட்டு 2016-ல மாவ்னில கையெழுத்துப் போட்டு 2018-ல பேசிக் ட்ரெய்னிங் போனவரு, இப்போ ஆர்மியை விட்டு வெளிய வந்துட்டாரு, வயசு 34, ஒரு பொண்ணு இருக்கு. "அண்ணா, ஜிஐ பில் முப்பத்தாறு மாசமும் தொடாம அப்படியே இருக்கு, பைலட் ஆகணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை, ஃப்ளைட் ஸ்கூல்ல சேரட்டுமா காலேஜ்ல சேரட்டுமா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க"ன்னாரு. போன்ல ரெண்டு மணி நேரம் பேசினோம், அதுக்கப்புறமும் ரெண்டு பேரு இதே கேள்வியோட வந்தாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஜிஐ பில்னா ராணுவத்துல இருந்தவங்க படிக்கறதுக்கு அமெரிக்க அரசு குடுக்கற காசு. மாவ்னின்னா தெரியாதவங்களுக்கு: 2009-ல ஆரம்பிச்ச திட்டம், க்ரீன் கார்டு இல்லாதவங்களையும் சில மொழி தெரிஞ்சா அமெரிக்க ராணுவத்துல எடுத்தாங்க, அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. 2016-ல புதுசா ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. அப்படி ஸ்டூடன்ட் விசால இருந்து நேரா யூனிஃபார்ம் போட்ட நம்ம பசங்க எல்லாம் இப்போ 30-40 வயசுல வெளிய வந்துட்டு இருக்காங்க. நானும் அந்த வழியா 2014-ல சேந்தவன்தான். இப்போ ஒரு ரீஜினல் ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆஃபிசரா இருக்கேன், ஜிஐ பில் காசுலதான் முக்கால்வாசி படிச்சேன், ஆனா சேந்த நேரம் தப்பா போய் ஒரு வருஷம் கிட்ட வீணா போச்சு. அந்த வருஷம் இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நான் சொல்றது எல்லாம் 9/11-க்கு அப்புறம் வந்த ஜிஐ பில்லப் பத்தி, அதாவது சாப்டர் 33. 36 மாசம் ஆக்டிவ் ட்யூட்டி முடிச்சவங்களுக்கு 100 சதவீதம், அதுக்குக் கம்மியா செஞ்சிருந்தா சதவீதம் இறங்கும். கீழ நான் சொல்ற ஒவ்வொரு தொகையும் 100 சதவீதக்காரங்க கணக்கு, ரிசர்வ்ல, நேஷனல் கார்டுல (பகுதி நேர ராணுவம்) இருந்து வந்து 60, 70ல இருக்கறவங்க அந்த அளவுக்குக் குறைச்சுப் பாத்துக்கோங்க. 2013 ஜனவரி 1-க்கு அப்புறம் வெளிய வந்தவங்களுக்கு காலக்கெடு கிடையாது, அதனால பதறிப் போய் நாளைக்கே சேர வேண்டிய அவசியம் இல்ல.

ஸ்கூல் தேடறதுக்கு முன்னாடி மெடிக்கல். இதை நான் எத்தனை பேருகிட்ட சொன்னாலும் கடைசிலதான் பண்றாங்க. ஏர்லைன் வேலைதான் குறின்னா எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) குடுக்கற ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிக்கல் சான்றிதழ கைல வாங்கிட்டுத்தான் மத்த பேச்சே. ஏன்னா நம்மள்ல பாதிப் பேரு விஏ-கிட்ட (முன்னாள் ராணுவத்தினர் துறை, ஜிஐ பில் காசும் இவங்கதான் குடுக்கறாங்க) டிசபிலிட்டி ரேட்டிங் வாங்கியிருக்கோம், தூக்கத்துல மூச்சுத் திணறல், பிடிஎஸ்டின்னு சொல்ற மன அதிர்ச்சி பாதிப்பு, முதுகு வலி, காதுல இரைச்சல்னு. மெடிக்கல் ஃபார்ம்ல மெடிக்கல் டிசபிலிட்டி பணம் ஏதாவது வாங்கறீங்களான்னு ஒரு கேள்வியே தனியா இருக்கு. 2023-ல கிட்டத்தட்ட 4,800 பைலட்டுங்க விஏ-கிட்ட ஒண்ணு சொல்லி எஃப்ஏஏ-கிட்ட சொல்லாம விட்டிருக்கலாம்னு விசாரணை வந்துச்சு, ரெண்டு ஆபீஸும் டேட்டாவ ஒத்துப் பாத்ததுல வெளிய வந்தது. அதனால மறைக்கிற எண்ணமே வேணாம். மறைக்காம சொன்னா வழி இருக்கு, தூக்கத்துல மூச்சுத் திணறல்னா தூங்கும்போது மாட்டிக்கற சிபேப் மெஷின் டேட்டாவ காட்டி ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்ங்கற தனி அனுமதி வாங்கிப் பறக்கறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, மன அழுத்தத்துக்கு சில மாத்திரை எடுக்கறவங்களுக்கும் 2010-ல இருந்து வழி இருக்கு, என்ன, மாசக் கணக்குல ஆகும். மெடிக்கல் கிடைக்கணும்னு ட்ரீட்மென்ட்ட நிறுத்திடாதீங்க தயவுசெஞ்சு, அப்படி நிறுத்திட்டு ராத்திரி தூங்காம கஷ்டப்பட்ட ஒருத்தர எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, மெடிக்கலுக்கு ஆன்லைன்ல ஃபார்ம் பூர்த்தி பண்ணி அதுல வர்ற நம்பர டாக்டர் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாருன்னா அப்புறம் பின்வாங்க முடியாது, ஓகே இல்ல ரிஜெக்ட் இல்ல மேலிடத்துக்கு அனுப்பறதுன்னு மூணுல ஒண்ணு நடந்தே ஆகணும். அதனால முதல்ல ஏஎம்இ-ங்கற எஃப்ஏஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட ஆலோசனைக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் கேளுங்க, விஏ பேப்பர் எல்லாம் எடுத்துட்டுப் போய் உக்காந்து பேசுங்க, இதை வச்சு அப்ளை பண்ணா என்ன ஆகும்னு கேளுங்க. நூறு இருநூறு டாலர் போகும், போகட்டும்.

மெடிக்கல் சரின்னு வச்சுக்குவோம், இப்போ வழிகளுக்கு வரேன்.

முதல் வழி, தனி ஃப்ளைட் ஸ்கூல். காலேஜ் டிகிரி எதுவும் கிடையாது, ஏர்போர்ட்டுக்குப் போறோம், பறக்கறோம், ரேட்டிங் (லைசென்ஸ்ல சேக்கற தகுதி) வாங்கறோம். இதுக்கு 2011 அக்டோபர்ல இருந்துதான் சாப்டர் 33-ல காசு குடுக்கறாங்க. விஏ ஒத்துக்கிட்ட பார்ட் 141 ஸ்கூலா, அதாவது பாடத்திட்டத்த எஃப்ஏஏ பாத்து அனுமதி குடுத்த ஸ்கூலா இருக்கணும். ஊர்ல இருக்கற சின்ன ஏர்ஃபீல்டுல ஒரு ரிட்டயர்டு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பார்ட் 61-ல, அதாவது அந்த அனுமதி இல்லாத வழியில படிச்சா சல்லிக்காசு வராது. அப்புறம் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இந்த வழியில ப்ரைவேட் பைலட் லைசென்ஸுக்கு விஏ காசு குடுக்காது. அதை உங்க சொந்தக் காசுல வாங்கிட்டு வந்து, மெடிக்கலும் கைல வச்சுக்கிட்டு, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்ல (வெளிய தெரியாதப்போ கருவிய மட்டும் பாத்துப் பறக்கற தகுதி) இருந்துதான் ஆரம்பிக்கணும். இன்னைக்கு விலைவாசிக்கு ப்ரைவேட்டுக்கு மட்டும் 12 ஆயிரத்துல இருந்து 20 ஆயிரம் டாலர் வரைக்கும் எடுத்து வைக்கணும்.

அதுக்கு மேல விஏ குடுக்கற காசுக்கு வருஷத்துக்கு ஒரு உச்சவரம்பு, அதைத்தான் கேப்னு சொல்றது. 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து 2026 ஜூலை 31 வரைக்கும் 17,097 டாலர். வீட்டு வாடகைக்குப் பணம் கிடையாது, புத்தகத்துக்கும் கிடையாது. ஒவ்வொரு மாசமும் பறந்து முடிச்ச மணிக்குத்தான் ஸ்கூல் கணக்கு அனுப்பும், அதுக்கு அப்புறம்தான் விஏ-கிட்ட இருந்து காசு வரும், அதனால பல ஸ்கூல்ல உங்கள முதல்ல கட்டச் சொல்லிட்டு விஏ பணம் வந்ததும் திருப்பித் தருவாங்க. கிரெடிட் கார்டுல கொஞ்சம் இடம் இல்லாம இதுல இறங்காதீங்க.

17,097 டாலருக்கு என்ன கிடைக்கும்னு ஒரு கணக்குப் போடலாம். செஸ்னா 172 வாடகை பெட்ரோலோட சேத்து மணிக்கு 180 டாலர்னு வைங்க, இன்ஸ்ட்ரக்டருக்கு 70, ஆக 250. ஒரு வருஷ கேப்ப 250-ஆல வகுத்தா 68 மணி நேரம். பார்ட் 141-ல இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு குறைஞ்சது 35 மணி நேரம், அது 8,750 டாலர். கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்கற லைசென்ஸ்) கோர்ஸ் 120 மணி நேரம், அதுல 55 மணி இன்ஸ்ட்ரக்டரோட, மீதி 65-ஐ பெரும்பாலும் தனியாப் பறக்கலாம்னு வச்சா 13,750-யும் 11,700-ம் சேந்து 25,450. ரெண்டையும் கூட்டுங்க, 34,200. ரெண்டு வருஷ கேப் 34,194. கையில எழுதிப் பாத்தப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, கிட்டத்தட்ட அச்சு அசலா ரெண்டு கேப்ல முடியுது. ஆனா குறைஞ்சபட்ச மணி நேரத்துல முடிக்கிறவங்க அபூர்வம், ஆளுக்கு பத்து பதினஞ்சு மணி கூடத்தான் போகும், க்ரவுண்ட் ஸ்கூல் காசும் செக்ரைடு (பறந்து காட்டற பரீட்சை) எடுக்கறவரு ஃபீஸும் தனி, அதனால ஒரு ஏழு எட்டு ஆயிரம் கைக்காசு வச்சுக்கோங்க.

இதுல நான் மாட்டினது எங்கன்னா, கேப் காலண்டர் வருஷத்துக்கு இல்ல, ஆகஸ்ட் 1-ல ஆரம்பிச்சு ஜூலை 31-ல முடியுது. செலவழிக்காத மீதி அடுத்த வருஷத்துக்கு வராது. நான் 2020 செப்டம்பர்ல சேந்தேன். அப்போ கேப் இப்போ இருக்கறத விடக் கம்மி. சனி ஞாயிறு மட்டும் பறந்தேன், நடுவுல மழை, மேகம், இன்ஸ்ட்ரக்டர் மாறிட்டாரு, புது ஆளு வந்து பழைய பாடத்தையே திரும்ப எடுத்தாரு. ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், இறங்கி வந்து எத்தனை மணி ஓட்டினோம்னு காட்டற ஹாப்ஸ் மீட்டர் நம்பர எழுதி கவுன்டர்ல குடுக்கறேன், 1.4 மணி. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு ஒரு சின்ன பேப்பர்ல எழுதி என் பக்கம் தள்ளுச்சு, மீதி 212 டாலர். இன்னும் ஒரு பாடத்துக்குக் கூட பத்தாது. எனக்கு அப்போ செக்ரைடுக்கு ஒன்பது பாடம் பாக்கி. வீட்ல ரெண்டாவது குழந்தை பிறந்த நேரம், கைக்காசு போட வழி இல்ல. ஆகஸ்ட் வரைக்கும் நிறுத்திட்டேன்.

ஆகஸ்ட்ல திரும்ப ஏறினப்போ ஐஎல்எஸ் அப்ரோச்ல (ரேடியோ சிக்னல வச்சு ரன்வேக்கு இறங்கறது) ஊசிய நடுவுல நிறுத்தவே முடியல. ஹுட்ட மாட்டிக்கிட்டு வெளிய எதுவும் தெரியாம, லோக்கலைசர் ஊசி இடது பக்கம் போகுதேன்னு திருப்பினா அதுக்குள்ள க்ளைட்ஸ்லோப் மேல ஏறிடுது, அதைப் பிடிச்சா ஸ்பீடு போயிடுது. ஏப்ரல்ல நான் தூக்கத்துல பண்ற வேலை அது. மறுபடி பழைய நிலைக்கு வர்றதுக்கு 12 மணி நேரம் ஆச்சு, புது கேப்ல இருந்து மூவாயிரம் டாலர் அப்படியே போச்சு, படிச்சதையே திரும்பப் படிக்க. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஸ்கூல்ல சேரும்போதே கேப் எந்த மாசம் தீரும்னு நான் கணக்குப் போட்டிருக்கணும், அவங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதனால இந்த வழில போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ஏப்ரல் மாசம் சேருங்க. ஏப்ரல்ல இருந்து ஜூலை 31-க்குள்ள வாரம் நாலு நாள் பறந்து முதல் கேப்ப முழுசா தீத்துடுங்க, இன்ஸ்ட்ருமென்ட் முடிஞ்சு கமர்ஷியல்ல கொஞ்சம் போயிருக்கும், ஆகஸ்ட் 1 அன்னைக்கு ஒரு நாள் கூட நிக்காம அடுத்த கேப் ஆரம்பிக்கும், அதுல கமர்ஷியல் முடியும். அடுத்த ஆகஸ்ட்ல மூணாவது கேப் வரும்போது அதை இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்கும் மல்டி இன்ஜினுக்கும் வச்சுக்கலாம். பதினாறு பதினேழு மாசத்துல மூணு கேப் தொட்டுடலாம். செப்டம்பர்ல சேந்து சனி ஞாயிறு பறந்தா என் கதைதான்.

ரெண்டாவது வழி, கவர்ன்மென்ட் காலேஜ். கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, இல்ல ஸ்டேட் யுனிவர்சிட்டில நாலு வருஷ டிகிரி, எதுவா இருந்தாலும் பறக்கற பாடம் டிகிரிக்குள்ளயே கட்டாயப் பாடமா இருந்தா ட்யூஷனோட சேத்து ஃப்ளைட் ஃபீஸையும் விஏ முழுசா கட்டுது. அந்த 17 ஆயிரம் கேப் இங்க கிடையாது. ப்ரைவேட் லைசென்ஸும் டிகிரில ஒரு பாடமா இருந்தா அதுவும் உள்ள வந்துடும். அதுக்கு மேல வீட்டு வாடகைப் பணம், காலேஜ் இருக்கற ஜிப் கோடுக்கு குடும்பத்தோட இருக்கற ஒரு இ-5 சார்ஜென்ட்டுக்கு என்ன குடுப்பாங்களோ அதே தொகை, நீங்க கல்யாணம் ஆகாதவரா இருந்தாலும் சரி. புத்தகத்துக்கு வருஷம் ஆயிரம் டாலர் வரைக்கும். வேற ஸ்டேட்ல இருந்து வந்தாலும் வெட்டரன்ஸுக்கு உள்ளூர் ஃபீஸ்தான் போடணும்னு சட்டம் இருக்கு. பாத்தவுடனே இதை விட்டுட்டு யாராவது முதல் வழிக்குப் போவாங்களான்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

எங்க பெரியம்மா பேரன் ஒருத்தன், நியூஜெர்சில பிறந்து வளர்ந்தவன், மரீன்ல நாலு வருஷம் முடிச்சிட்டு 22 வயசுல வெளிய வந்தான், டிகிரி எதுவும் இல்ல. அவன் நார்த் டகோட்டா யுனிவர்சிட்டிக்கு, கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் போனான். அவனுக்கு இதைத் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன். ஏன்னா ஏவியேஷன் டிகிரிய எஃப்ஏஏ ஒத்துக்கிட்ட காலேஜ்ல முடிச்சா ஏர்லைனுக்குப் போக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேணாம், 1,000 போதும். அசோசியேட் டிகிரின்னா 1,250. 2009 பிப்ரவரில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேரு செத்துப் போனதுக்கு அப்புறம், 2013-ல இருந்துதான் கோ-பைலட்டுக்கும் 1,500 மணி நேரம்னு கொண்டு வந்தாங்க, அப்போ வந்த சலுகை இது. இன்ஸ்ட்ரக்டரா மாசம் 70 மணி பறக்கறவனுக்கு 500 மணி நேரம்னா ஏழு மாசம். ஏர்லைன்ல சேந்த தேதிய வச்சுத்தான் வாழ்நாள் முழுக்க எல்லாமே, எந்த விமானம், எந்த ஊரு பேஸ், தீபாவளிக்கு வீட்ல இருப்பமா மாட்டமான்னு எல்லாம் சீனியாரிட்டி நம்பர்தான். 22 வயசுப் பையனுக்கு ஏழு மாசம் பெரிய விஷயம். டிகிரியும் கைல இருக்கும், நாளைக்கு மெடிக்கல் போச்சுன்னா விழுந்து எழ ஒரு பிடி.

இந்த சலுகைல ஒரு கண்டிஷன் இருக்கு, இதை கோட்டை விட்டவங்க உண்டு. இன்ஸ்ட்ருமென்ட்டும் கமர்ஷியலும் அந்தக் காலேஜோட பார்ட் 141 ப்ரோக்ராம்லயே படிச்சிருக்கணும். வெளிய எங்கயோ இன்ஸ்ட்ருமென்ட் முடிச்சிட்டு அப்புறமா காலேஜ்ல சேந்தா கிடையாது. அதனால காலேஜ்தான்னு முடிவு பண்ணிட்டா ப்ரைவேட் லைசென்ஸுக்கு மேல வெளிய எதையும் தொடாதீங்க.

இப்போ கில்லீன் தம்பிக்கு வரேன். அவருக்கு ஏற்கனவே பிஇ, எம்எஸ் இருக்கு. கம்யூனிட்டி காலேஜ்ல அசோசியேட் டிகிரில சேந்தா என்ன ஆகும்னா, முன்னாடி படிச்ச எல்லாத்தையும் காலேஜ் பாத்து கிரெடிட் குடுக்கணும்ங்கறது விஏ விதி. எம்எஸ் மார்க் ஷீட், ஆர்மி ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் உள்ள போகும். கணக்கு, பிசிக்ஸ், இங்கிலீஷ் எல்லாம் ஏற்கனவே முடிச்சதாப் போயிடும். மிச்சம் என்ன இருக்கும், பறக்கற பாடமும் ஏவியேஷன் தியரியும் மட்டும். ஒரு செமஸ்டர்ல 12 கிரெடிட் எடுத்தாத்தான் முழு நேரம், இவருக்கு எடுக்கறதுக்கு ஆறு ஏழு கிரெடிட்தான் இருக்கும், டிகிரிக்குத் தேவையில்லாத பாடத்த சேத்துப் போட்டா விஏ அதுக்குக் கட்டாது. எடுக்கற கிரெடிட் குறையக் குறைய வாடகைப் பணமும் குறையும், முழு நேரத்துல பாதிக்கு மேல இல்லன்னா வாடகைப் பணம் மொத்தமாவே கிடையாது. வாடகைப் பணத்த நம்பி வேலைய விட்டுட்டுப் போனவங்க ரெண்டாவது செமஸ்டர்ல முழிச்சது இங்கதான். செமஸ்டர் நடுவுல லீவுக்கும் வாடகைப் பணம் வராது, டிசம்பர் கடைசில இருந்து ஜனவரி நடு வரைக்கும் கைல இருக்கறதுதான்.

காலேஜ் வழில இன்னொரு ஆபத்து, பாதில விட்டுட்டுப் போறது. பறக்கற பாடம் வானிலைய நம்பி இருக்கு, விமானம் ரிப்பேர நம்பி இருக்கு, செமஸ்டருக்குள்ள முடியலன்னா காலேஜ் உங்கள அந்தப் பாடத்துல இருந்து எடுத்துட்டா விஏ ஏற்கனவே கட்டின காச காலேஜ்கிட்ட திருப்பிக் கேக்கும், காலேஜ் அதை உங்ககிட்ட கேக்கலாம். ஃப்ளைட் ஃபீஸ்னா சின்னத் தொகை இல்ல. நியாயமான காரணம் இருந்தா எழுதிக் குடுக்கலாம்தான், ஆனா அந்தக் கடன் லெட்டர் வீட்டுக்கு வந்து அதைப் பிரிச்சுப் படிக்கறது ரொம்ப கஷ்டமான நேரம். சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, ஃப்ளைட் பாடம் செமஸ்டர்ல முடியலன்னா இன்கம்ப்ளீட் போட்டு அடுத்த செமஸ்டர்ல தொடர விடுவீங்களான்னு.

அப்புறம் 85-15 விதி. ஒரு ப்ரோக்ராம்ல 85 சதவீதத்துக்கு மேல விஏ காசுல படிக்கறவங்களா இருந்தா புதுசா சேர்றவங்களுக்கு விஏ காசு நிக்கும். காலேஜோட சேந்து நடக்கற ஹெலிகாப்டர் ப்ரோக்ராம்ல எல்லாம் வெட்டரன்ஸ்தான் நிறைய, ஒரு ஆளுக்கு பல லட்சம் டாலர் வரைக்கும் பில் போனதா 2015-ல பேப்பர்லயே வந்துச்சு, அதுக்கப்புறம் இந்த விதிய இறுக்கிப் பிடிச்சாங்க. ஹெலிகாப்டர் ஆசை இருக்கறவங்க இதைக் கண்டிப்பா விசாரிங்க. எந்தக் காலேஜா இருந்தாலும் அங்க விஏ பேப்பர் வேலை பாக்கற ஸ்கூல் சர்ட்டிஃபையிங் அஃபிஷியல்னு ஒருத்தர் இருப்பாரு, அட்மிஷன் ஆபீஸ்ல சிரிச்சுப் பேசறவங்கள விட்டுட்டு நேரா அவருகிட்ட பேசுங்க, உங்க ப்ரோக்ராம் 85-15ல எங்க நிக்குதுன்னு கேளுங்க.

மூணாவது வழி ப்ரைவேட் யுனிவர்சிட்டி, எம்ப்ரி-ரிடில் மாதிரி. டேட்டோனா பீச் கேம்பஸ போய்ப் பாத்தவங்க யாரும் ஆசைப்படாம வர மாட்டாங்க. ஆனா ப்ரைவேட் யுனிவர்சிட்டிக்கு விஏ வருஷத்துக்கு கட்டறது 2025-26-ல 29,920 டாலர் வரைக்கும்தான், ட்யூஷன், ஃப்ளைட் ஃபீஸ் எல்லாம் அதுக்குள்ள. ட்யூஷனே அதைத் தாண்டிடுது. மேல வர்றதுக்கு யெல்லோ ரிப்பன்னு ஒண்ணு இருக்கு, காலேஜ் எவ்வளவு விட்டுக் குடுக்குதோ அதே அளவு விஏ-வும் போடும், 100 சதவீதத்துல இருக்கறவங்களுக்குத்தான். எவ்வளவு தருவாங்க, எத்தனை பேருக்குத் தருவாங்க, ட்யூஷனுக்கு மட்டுமா ஃப்ளைட் ஃபீஸுக்கும் சேத்தான்னு ஒவ்வொரு இடத்துலயும் மாறுது, எழுத்துல வாங்கிட்டுத்தான் சேரணும். என் கருத்துல குடும்பம் இருக்கற ஆளு இதுக்காக லோன் எடுக்கறது வேணாம், ஏர்லைன்காரங்க பாக்கறது மணி நேரமும் ரேட்டிங்கும், எந்தக் காலேஜ்ங்கறது அவ்வளவு பெருசா இல்ல.

ரெண்டு தடவை தனித்தனியா சர்வீஸ் பண்ணவங்க இதைக் கவனிங்க. மான்ட்கோமரி ஜிஐ பில்லுக்கும் (சாப்டர் 33-க்கு முன்னாடியே வந்த பழைய திட்டம்) தகுதி இருந்தா, 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ருடிசில் கேஸ்ல சொன்ன தீர்ப்புப்படி ரெண்டையும் சேத்து 48 மாசம் வரைக்கும் வாங்கலாம். மான்ட்கோமரில ஃப்ளைட் ஸ்கூல் செலவுல 60 சதவீதம் திருப்பித் தருவாங்க, அதுக்கு வருஷ கேப் கிடையாது, ஆனா வாங்கற காசுக்கு ஏத்த மாதிரி உங்க மாசம் கழியும். 33-ல காலேஜ் முடிச்சிட்டு மீதி 12 மாசத்த இப்படி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்கு வைக்கறது நல்ல யோசனை.

சர்வீஸ்ல இன்னும் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜிஐ பில்ல பிள்ளைங்க பேருக்கு மாத்தறது யூனிஃபார்ம்ல இருக்கும்போதுதான் முடியும், ஆறு வருஷம் முடிச்சு இன்னும் நாலு வருஷத்துக்கு கையெழுத்துப் போடணும். வெளிய வந்துட்டா அந்தக் கதவு மூடியாச்சு. நம்ம வீடுகள்ல பொண்ணு காலேஜுக்கு வைக்கலாமேன்னு மனசு அடிச்சுக்கும், அந்த எண்ணம் இருந்தா ஈடிஎஸ் தேதிக்கு (சர்வீஸ் முடியற தேதி) முன்னாடி வீட்ல உக்காந்து பேசுங்க. சொந்தக் காசுல பார்ட் 61-ல மெதுவாப் படிச்சு பைலட் ஆனவங்களும் இருக்காங்க, ரெண்டு சம்பளம் வர்ற வீடுன்னா அது நடக்கற காரியம்தான்.

கில்லீன் தம்பிகிட்ட நான் சொன்னது இது. அவரு மனைவி ஆஸ்டின்ல ஐடில வேலை பாக்கறாங்க, வாடகையும் சாப்பாடும் அதுல ஓடிடும். அவருக்கு இன்னொரு டிகிரி தேவையில்ல, காலேஜ்ல வாடகைப் பணமும் முழுசா வராது, 1,250-க்காக ரெண்டு வருஷம் செமஸ்டர் கணக்குல மெதுவாப் போறதுக்குப் பதிலா தனி ஃப்ளைட் ஸ்கூல்ல பதினாறு மாசத்துல முடிச்சிட்டு 1,500-ஐ நேரா பறந்து சேத்துடலாம். 65 வயசுல ஏர்லைன்ல நிறுத்திடுவாங்க, 34-ல ஆரம்பிக்கறவருக்கு ஒவ்வொரு மாசமும் முக்கியம். இதே தம்பி மனைவிக்கு வேலை இல்லாம இருந்திருந்தா நான் காலேஜ்தான் சொல்லியிருப்பேன், வாடகைப் பணம் பாதி வந்தாலும் பாதி. ஆக எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ரெண்டே கேள்வி, டிகிரி ஏற்கனவே இருக்கா, படிக்கற காலத்துல வீட்டு வாடகைய யாரு கட்டுவாங்க.

மாவ்னில வந்து சிட்டிசன்ஷிப் வாங்கினவங்களுக்கு ஃப்ளைட் ட்ரெய்னிங் ஆரம்பிக்கறதுக்கு டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) அனுமதி தேவையில்ல, பாஸ்போர்ட்ட காட்டினா போதும், பாஸ்போர்ட் காலாவதி ஆகாம பாத்துக்கோங்க. தகுதிச் சான்றிதழுக்கு விஏ-ல 22-1990 ஃபார்ம் இப்பவே போட்டு வைங்க, ஸ்கூல் முடிவாகலன்னாலும் பரவால்ல.

தம்பி வர்ற வியாழக்கிழமை ஏஎம்இ டாக்டர பாக்கறாரு, காதுல இரைச்சலுக்கு வாங்கின பத்து சதவீத ரேட்டிங் பேப்பரோட. அது சரின்னு வந்தா மறுநாளே பக்கத்து ஏர்ஃபீல்டுல ப்ரைவேட்டுக்கு முதல் பாடம், மார்ச் கடைசிக்குள்ள லைசென்ஸ் கைல இருக்கணும்னு கணக்கு. ஏப்ரல் முதல் வாரத்துக்கு பார்ட் 141 ஸ்கூல்ல இடம் கேட்டு வச்சிருக்காரு, வாரம் நாலு ஸ்லாட், காலைல ஏழு மணி, டெக்சாஸ் வெயில் ஏறி காத்து குலுங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.